நீண்ட கூடாரப் பயணத்தில் ஒரு சோம்பல் நாள்: மணப்பாட்டுக் கரையில் ஓய்வெடுக்க ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் தொடங்கி கன்னியாகுமரி வரை, கடலோரமாகவே கூடாரம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் போகிறார்கள், பைக்கில் போகிறார்கள், குடும்பமாகக் காரிலும் போகிறார்கள். புதிதாகக் கிளம்புகிறவர்கள் தங்கள் திட்டத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: எங்கும் நகராத ஒரு முழு நாள். தினமும் விடியலில் கூடாரத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, வெயிலில் ஓடி, சாயங்காலம் இடம் தேடி மறுபடி கட்டினால் ஐந்தாம் ஆறாம் நாளில் உடம்பு கெஞ்ச ஆரம்பித்துவிடும். தொடை இடுக்கில் உராய்ந்து எரியும், கால்விரல் இடுக்கில் புண் வரும், கூட வந்தவரிடம் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவோம். அப்படி ஆவதற்கு முன்பே ஒரு நாளை ஓய்வுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நாளுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு.

ஆனால் நம் கடற்கரையில் சோம்பிக் கிடக்கவும் ஏற்பாடு தேவை. நாள் முழுக்க மணலில் துண்டை விரித்துப் படுப்பது குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சரிப்படும். இங்கே பதினோரு மணிக்கு மேல் மணல் காலைச் சுடும், நான்கு மணி வரை தணியாது. காலையும் மாலையும் கடலுக்கு, நடுப்பகல் நிழலுக்கு என்று நாளைப் பிரித்துக்கொண்டால் மட்டுமே உண்மையான ஓய்வு கிடைக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான ஏற்பாடுகள்தான்.

எந்த மாதம், எந்தக் கரை

தை, மாசி, பங்குனியின் முன்பாதி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும், இரவில் மெல்லிய போர்வை போதும். ஆனியிலும் ஆடியிலும் இந்தப் பக்கம் கூடாரத்தோடு வராதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் மேற்குக் காற்று, தேரிக்காட்டுச் செம்மணலையும் வாரிக்கொண்டு கடல் பக்கம் வீசும். அந்த மாதங்களில் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நாள் முழுக்க வேலையாகிவிடும்.

இடத்துக்கு நான் சொல்வது மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரப்பட்டினத்தைத் தாண்டி வரும் மீனவர் ஊர். கருமேனி ஆறு கடலில் சேரும் இடம் இது. கடலுக்குள் நீளும் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயமும், பக்கத்தில் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. புனித சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அங்கே உண்டு. ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் அமைதியான உப்பங்கழி. நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இப்படி இரண்டும் சேர்ந்த இடம் வசதி. இங்கே இடம் அமையாவிட்டால் தெற்கே பெரியதாழை, உவரி என்று ஊர்கள் வரிசையாக உண்டு. கீழே சொல்வது எல்லாம் அந்த ஊர்களுக்கும் பொருந்தும்.

சில இடங்களைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். தனுஷ்கோடியில் பொழுது சாயும் முன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. யார் படகில் கூட்டிப் போகிறேன் என்றாலும் அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றிய கரையும் வேண்டாம். குலசேகரப்பட்டினம் பக்கம் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே வேலி தெரிந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

முதல் நாள் சாயங்காலமே பாதி வேலை முடிய வேண்டும்

நான்கு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். முதலில் தேட வேண்டியது மனிதர்களை. மணல் எங்கும் போய்விடாது. பங்குத்தந்தை இல்லம், ஊர்க் கமிட்டி, படகு பழுது பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சி, யாராவது ஒருவரிடம் "ரெண்டு ராத்திரி கூடாரம் போடணும், எங்க போட்டா யாருக்கும் இடைஞ்சல் இல்ல?" என்று கேளுங்கள். ஆளில்லாத பனங்காடு மாதிரித் தெரியும் இடத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்டால் பெரும்பாலும் நல்ல இடமாகக் காட்டுவார்கள்; கிணறு எங்கே, கழிப்பறை எங்கே என்பதும் அதே பேச்சில் தெரிந்துவிடும். பெண்கள் கூட இருந்தால் இந்தக் கடைசி விஷயத்தை இருட்டும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு ரோந்து வரும் கடலோரக் காவல் துறையினர் விசாரித்தால் யார் அனுமதியில் தங்குகிறோம் என்று சொல்ல ஒரு பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. அதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

படகு ஏற்றி இறக்கும் துறையிலும் வலை காயப்போடும் இடத்திலும் கூடாரம் கூடாது. விடிகாலை மூன்று மணிக்கு அங்கே வேலை தொடங்கிவிடும். அலை வந்துபோன ஈரக்கோட்டையும், அதற்கு மேலே பாசியும் குப்பையும் ஒதுங்கிக் காய்ந்த கோட்டையும் பாருங்கள். மேலே உள்ள கோட்டிலிருந்து இன்னும் நன்றாக மேடேறி, அடம்புக்கொடி படர்ந்த இடத்தையும் தாண்டித்தான் இடம் பார்க்க வேண்டும். கொடியின் மேலேயே போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும்.

நிழல் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். தென்னைக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள், தேங்காய் எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. பனையில் காய்ந்த மட்டை விழும். அதன் கருக்கு தோலைக் கிழித்துவிடும். உடைமரம் குடைபோல அருமையான நிழல் தரும், ஆனால் அதன் முள் செருப்பையும் காற்றுப் படுக்கையையும் சேர்த்துக் குத்தும். கீழே நன்றாகக் கூட்டிவிட்டு, சாக்கு விரித்து, அதன் மேல் பாய் போடுங்கள். சவுக்குத் தோப்பு கிடைத்தால் அதுதான் சுகம். காற்று சலசலவென்று வரும், தரை மெத்தென்று இருக்கும். ஒரே நிபந்தனை, அங்கே தீ மூட்டவே கூடாது. உதிர்ந்து கிடக்கும் சவுக்கு இலை ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது. நான்கைந்து பழைய அரிசிப் பைகளை எடுத்து வாருங்கள். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் அசையாது. நாளைக்கு நிழலுக்குக் கட்டப்போகும் தார்ப்பாய்க்கும் இதே முறைதான். தார்ப்பாயைக் கடல் பக்கம் உயர்த்தியும் மேற்குப் பக்கம் தாழ்த்தியும் கட்டினால் பகலில் கடற்காற்று உள்ளே வரும், பிற்பகல் வெயில் வராது.

அப்புறம் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு 20 லிட்டர் கேன்களை அன்று மாலையே வாங்கி நிழலில் வையுங்கள். கரையோரக் கிணறுகளில் பல உப்புக் கரிக்கும். குளிக்க, துவைக்க அந்தத் தண்ணீர் போதும். கடைசியாக, இரவுச் சாப்பாட்டுக்கு வடிக்கும் சோற்றைக் கொஞ்சம் கூடுதலாக வடித்து, மீந்ததில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். நாளைக் காலைச் சமையல் அதோடு முடிந்தது.

காலை: ஒரு மணி நேர வேலை, பிறகு விடுதலை

பிப்ரவரியில் இங்கே சூரியன் கிட்டத்தட்ட 6.40-க்கு எழும். அலாரம் வைக்க வேண்டாம். எழுந்ததும் பழைய சோற்றில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிடுங்கள். வெயில் நாளில் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

சோம்பலுக்கு முன்பு சில வேலைகளை முடித்துவிட்டால் நாள் முழுக்க மனதில் எதுவும் அரிக்காது. படுக்கை, போர்வை, ஈரத்துணி எல்லாவற்றையும் கயிற்றில் போடுங்கள். கடல்நீரில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாமல் காயப்போட்டுப் பயனில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ராத்திரி மறுபடி பிசுபிசுக்கும். கூடார ஜிப்பில் மணல் ஏறினால் பல் உடைந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை அதன் மேல் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். சைக்கிளோ பைக்கோ இருந்தால் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட இதுவே நேரம். உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும். கூடார வாசலில் ஒரு சாக்கும், அகலமான பாத்திரத்தில் கால் அலசத் தண்ணீரும் வையுங்கள். மணல் உள்ளே வராமல் இருக்க வேறு வழி இல்லை.

மிக முக்கியமான காலை வேலை கால்கள்தான். நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் இல்லாமல் துடைத்து, காற்றாட விடுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம். உராய்ந்து சிவந்த இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவினால் எரிச்சல் அடங்கும். அன்று முழுக்க ஷூ வேண்டாம்.

கடலில் இறங்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். ஓய்வு நாளில்தான் நாம் அசட்டையாக இருப்போம், கடல் அப்படி இருக்காது.

கரையில் நின்று கால்மணி நேரம் அலையைப் பாருங்கள். அலை வரிசையாக உடைந்து வெள்ளையாக வரும். நடுவே ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். புதியவர்கள் "இங்கே அலை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கும் இடம் அதுதான். உண்மையில் கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. நுரையும் குப்பையும் அந்த வழியே கடலை நோக்கிப் போவதைக் கவனித்தால் தெரியும். அங்கே இறங்கக் கூடாது. தவறி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்த வேண்டாம், எந்த நீச்சல்காரரும் அதில் களைத்துப்போவார். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரையேறுங்கள். மற்றவர் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காமல் காலிக் கேனோ மிதக்கும் வேறு பொருளோ எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

தூண்டில் வளைவுகளின் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் கரைகள்) கல்லை ஒட்டிய இடத்திலும், கழி கடலில் சேரும் வாயிலும் இழுப்பு அதிகம். நீர் வற்றும் நேரத்தில் கழிவாயில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட ஆளைத் தள்ளிவிடும். கழியில் குளிப்பவர்கள் வாயிலிருந்து தள்ளி உட்பக்கமாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலைகள் சில நாட்கள் கழித்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்றோ மழையோ இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று பெரிய அலை கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். அதைவிட எளிது, கரையில் நிற்கும் மீனவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேட்பது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

குளிக்கும் நேரம் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை. இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம், தனியாக இறங்க வேண்டாம், குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம். கழியின் ஆழமில்லாத நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டுக் கடல்நீராலேயே அலசுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரைமணி நேரம் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும். திருக்கை குத்துக்கும் வெந்நீர் கேட்கும், ஆனால் அதற்குக் கட்டாயம் ஆஸ்பத்திரி போக வேண்டும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே 108.

பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்காதீர்கள், விற்றாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில வகைச் சங்குகளுக்கும் இதே சட்டம் உண்டு. எது எது என்று பிரித்தறியத் தெரியாதபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவதே சரி.

நடுப்பகல்: நிழலும் தூக்கமும்

பத்து மணிக்குக் கடலை விட்டுவிடுங்கள். அரை வாளித் தண்ணீர் போதும் குளிக்க: முதலில் தலையும் முகமும், பிறகு அக்குள், தொடை இடுக்கு, கடைசியில் கால். உப்பு உடம்பில் இருந்தால் தூக்கம் வராது. காலில் ஒட்டிய மணலை ஈரத்தோடு துடைக்காமல் காயவிட்டால் தானாகவே உதிரும்.

இனி மூன்றரை வரை தார்ப்பாய்க்கும் மரத்துக்கும் கீழேதான். கூடாரத்துக்குள் போகாதீர்கள், மதியத்தில் உள்ளே அடுப்படிச் சூடு இருக்கும். போன், பவர்பேங்க், மருந்து எதையும் கூடாரத்திலோ காரிலோ வைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் சின்ன மண்பானையில் ஈரமணல் நிரப்பி, மருந்தை ஒரு டப்பாவில் வைத்து அதற்குள் வைத்தால் பகல் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும். நிழலில் இருந்தாலும் மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் வெயில் தோலைச் சுடும். மெல்லிய முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத கிரீம். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பொய்.

முற்பகலில் ஒரு நேரம் காற்றே இல்லாமல் புழுங்கும். அதற்காகப் பயந்து இடம் மாற்றாதீர்கள். தரை சூடேறியதும் கடற்காற்று கிளம்பிவிடும், பிறகு சாயங்காலம் வரை நிற்காது. அந்தக் காற்று வந்த பிறகு வரும் தூக்கம்தான் இந்த நாளின் சாரம். புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த நாள் பாதையைப் போனில் தோண்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் மணிக்கொரு முறை குடியுங்கள். தலை கனத்து, சிறுநீர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். பங்குனி வாக்கில் வந்தால் பதநீரும் நுங்கும் கிடைக்கும், அப்போது இந்தக் கவலையே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை நீங்கள் சமைக்காமல் இருப்பது நல்லது. காலையில் ஏலம் முடியும் நேரம் துறைக்குப் போய் சாளையோ (மத்தி மீன்) நெத்திலியோ வாங்கி, இடம் காட்டிய வீட்டு அக்காவிடமே "காசு கொடுத்துடுறோம், கொழம்பு வச்சுத் தர முடியுமா?" என்று கேளுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய சாளைக் குழம்புக்கு ஈடாக நம் கேஸ் அடுப்பில் எதுவும் வராது. கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒன்று கவனம்: இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. உங்கள் ஓய்வு நாள் ஞாயிறானால் முட்டையும் பருப்பும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலைக் காப்பிக்கு உடன்குடிக் கருப்பட்டி அருகிலேயே கிடைக்கும். சர்க்கரை எடுத்து வரவே தேவையில்லை.

மாலையும் இரவும்

நான்கு மணிக்கு மேல் எழுந்து திருச்சிலுவை ஆலய மேட்டுக்கு நடந்து போங்கள். வழிபடும் இடம், அதனால் குளித்த ஈர உடையோடு போக வேண்டாம். மேலிருந்து பார்த்தால் காலையில் சொன்ன அலை இடைவெளிகள், கழி, மணல் திட்டு எல்லாம் தெளிவாகப் புரியும். கடலை வாசிக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

இருட்டிய பிறகு வெள்ளை விளக்கைக் கடலை நோக்கிக் காட்டாதீர்கள், கரையில் தீயும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை திரும்பிவிடும், பொரித்து வரும் குஞ்சுகள் கடலென்று நினைத்து விளக்கை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஆமையைக் கண்டால் தள்ளி நின்று அசையாமல் இருங்கள், படம் எடுக்க வேண்டாம்.

விளக்கை அணைத்தால் வானம் கிடைக்கும். பிப்ரவரி மாதம் எட்டு மணிக்குத் தெற்கே கடலுக்கு மேல் தனியாகப் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். அதற்கு மேலே இன்னும் பிரகாசமாக இருப்பது சிரியஸ். அதிலிருந்து வடமேற்கே போனால் சிவந்து தெரிவது திருவாதிரை. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு இரவுப் பொழுது இதிலேயே போய்விடும்.

படுக்கும் முன் கிளம்பும் வேலையில் பாதியை முடியுங்கள்: காய்ந்த துணியை மடித்து மூட்டையில், காலிக் கேன்கள் ஓரிடத்தில், குப்பை ஒரே பையில். மறுநாள் ஆறு மணிக்குள் கூடாரத்தைப் பிரித்து, பனி ஈரத்தைத் துணியால் துடைத்துச் சுருட்டுங்கள். புதைத்த மணல் பைகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிவிட்டுப் பைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். குப்பைப் பையை ஊருக்குள் விடாமல் அடுத்த பெரிய ஊரின் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோங்கள். கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு, இடம் கொடுத்தவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். எட்டு மணிக்குள் பெரியதாழையைத் தாண்டிவிட்டால் வெயில் ஏறும் முன் உவரியில் காலைச் சாப்பாடு.